உங்கள் உடல், உங்கள் கேள்வி: அப்பாவின் ரிப்போர்ட்டும் மாமியின் கதையும்

கேள்வி: அப்பாவுக்கு வயது 51. மூன்று கிழமைக்கு முன் பெருங்குடலின் வலப்பக்கத்தில் இருந்த கட்டியை வெட்டி எடுத்தார்கள். 'டி3, என்0, பார்த்த 8 நிணநீர்க் கணுக்களிலும் நோய் இல்லை' என்று ரிப்போர்ட் சொல்கிறது. இரண்டாம் கட்டம்தான், பயப்பட ஒன்றுமில்லை என்கிறார்கள். கனடாவில் இருக்கும் சித்தப்பாவோ, கே-ராஸ் மரபணுப் பரிசோதனையைச் செய்யாமல் விடாதே என்று ஒவ்வொரு நாளும் வட்ஸ்அப்பில் சொல்கிறார். காசு கட்டிச் செய்யத்தான் வேண்டுமா? அப்பாவின் அக்காவுக்கும் 46 வயதில் கர்ப்பப்பையில் புற்றுநோய் வந்தது. எனக்கு 27, தம்பிக்கு 22.
— வாசகி, சாவகச்சேரி

பதில்: பிள்ளை, உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் மாமியின் கதை. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த 8.

குடலோடு சேர்ந்து வரும் மஞ்சள் கொழுப்பை, நோயியல் வைத்தியர்களான நாங்கள் விரல் நுனியால் நசுக்கி நசுக்கித்தான் கணுக்களைத் தேடுவோம். சில உளுந்தளவு இருக்கும், சில கடுகைவிடச் சற்றுப் பெரிது. குறைந்தது 12 பார்த்தால்தான் 'பரவவில்லை' என்ற சொல்லை மனம் நம்பும். வேலை தொடங்கிய புதிதில், ஒரு நாள் பின்னேரம், 7 கணுவோடு நிறுத்திக் கையெழுத்து வைக்கப் போனேன். மனம் கேட்கவில்லை. கொழுப்பை இரவு முழுக்க போமலினில் (திசுவை இறுக வைக்கும் திரவம்) ஊறவிட்டேன். காலையில் அது இறுகியிருந்தது. திரும்பத் தடவியபோது இன்னும் 6 தட்டுப்பட்டன. அவற்றில் ஒன்றில் நோய் இருந்தது. அந்த மனிதர் இரண்டாம் கட்டத்திலிருந்து மூன்றாம் கட்டத்துக்கு மாறினார், அவருக்குக் கீமோவும் கிடைத்தது. ஆகவே நாளைக்கே போய், எடுத்த குடல் இன்னும் இருக்கிறதா, மேலும் கணுக்கள் தேட முடியுமா என்று கேளுங்கள். அதை நெடுநாள் வைத்திருக்க மாட்டார்கள்.

டி3 என்றால் கட்டி குடலின் தசைச் சுவரைத் தாண்டி வெளிக் கொழுப்பைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். ஆனால் ஒரே டி3 உள்ள இரண்டு பேரின் போக்கு ஒன்றாக இருக்காது. இரத்தக் குழாய்க்குள் அல்லது நரம்பைச் சுற்றி நோய் நுழைந்திருக்கிறதா என்று ரிப்போர்ட்டில் பாருங்கள். இன்னொன்று, கட்டியின் ஓரம். வெங்காயத் தோட்டத்தில் கோரை ஒரே பற்றையாக நின்றால் பிடுங்கிவிடலாம். கிழங்கு தனித்தனியாக மண்ணுக்குள் ஓடிவிட்டால்தான் தொல்லை. அதேபோல ஓரத்திலிருந்து ஒன்று முதல் நான்கு கலங்கள் வரை சிறு கூட்டமாகப் பிரிந்து போயிருப்பதை மொட்டுவிடுதல் என்போம். நுணுக்குக்காட்டியில், 0.785 சதுர மில்லிமீற்றர் பரப்பில், இவை 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் நல்ல அறிகுறி அல்ல.

சரி, சித்தப்பாவின் கே-ராஸ். நோய் ஈரல், நுரையீரல் என்று பரவியவர்களுக்கு அது மிக முக்கியம். அந்த மரபணு மாறியிருந்தால் செடுக்சிமாப் போன்ற ஊசி பயன் தராது. அப்பாவுக்கு இப்போது அது தேவையில்லை. அந்தக் காசை வேறொன்றுக்கு வைத்திருங்கள்.

அதுதான் எம்.எம்.ஆர். பரிசோதனை. கலம் பிரியும்போது மரபணுவில் விழும் எழுத்துப் பிழைகளைத் திருத்தும் நான்கு புரதங்கள் உண்டு: எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6, பி.எம்.எஸ்.2. வெட்டியெடுத்த கட்டியின் துண்டை மெழுகுக் கட்டையில் பதித்து வைத்திருப்பார்கள்; அதே துண்டிலேயே இதைப் பார்க்கலாம், அப்பாவிடம் புதிதாக எதுவும் எடுக்க வேண்டியதில்லை. அதற்கான சாயம் ஏற்றும்போது, புரதம் இருந்தால் கலத்தின் கரு கபில நிறமாகும். தொலைந்திருந்தால் பக்கத்து நல்ல கலங்கள் கபிலமாக நிற்க, கட்டிக் கலங்கள் மட்டும் வெறும் நீலமாகத் தெரியும். முதல் தடவை பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. இரண்டாம் கட்டத்தில் இப்படித் தொலைந்திருப்பது பெரும்பாலும் நல்ல செய்தி: நோய் திரும்பும் வாய்ப்புக் குறைவு, 5-எஃப்.யூ. வகைக் கீமோ மருந்தைத் தனியே கொடுப்பதாலும் பயனில்லை. தொலையாமல், கணுவும் 12க்குக் குறைவாகவே இருந்தால் கீமோ பற்றிப் புற்றுநோய் வைத்தியரோடு கட்டாயம் கதைக்க வேண்டும்.

இப்போது மாமி. அவருக்கு வந்தது கர்ப்பப்பையின் உட்சுவரிலா, கழுத்திலா? பழைய ரிப்போர்ட்டைத் தேடிப் பாருங்கள். உட்சுவர் என்றால், 51 வயதில் அப்பாவுக்குக் குடலில் வந்ததையும் சேர்த்து லிஞ்ச் என்னும் பரம்பரை நோயை நினைக்க வேண்டும்; மேலே சொன்ன திருத்தும் புரதங்களில் ஒன்றுக்கான மரபணு பிறப்பிலேயே பழுதாக இருப்பதுதான் அது. 1895இல் மிச்சிகனில் ஒரு தையற்காரப் பெண், எங்கள் வீட்டில் எல்லோரும் வயிற்றிலோ கர்ப்பப்பையிலோ புற்றுநோய் வந்துதான் சாகிறார்கள், நானும் அப்படித்தான் போவேன் என்று வார்தின் என்ற நோயியலாளரிடம் சொன்னாராம். அவர் அந்தக் குடும்பத்தை எழுதி 1913இல் வெளியிட்டார். அந்தப் பெண் சொன்னபடியே கர்ப்பப்பைப் புற்றுநோயால் இறந்தார். இன்று அப்படிக் காத்திருக்க வேண்டியதில்லை. அப்பாவுக்கு லிஞ்ச் உறுதியானால் உங்களுக்கும் தம்பிக்கும் தலா பாதிக்குப் பாதி வாய்ப்பு. இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். இருந்தால் 20-25 வயதிலிருந்தே ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை கொலனோஸ்கோப்பி, அதாவது குடலுக்குள் கமெரா விட்டுப் பார்க்கும் பரிசோதனை. தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 71. குடல் கட்டியில் எம்.எல்.எச்.1 இல்லை, பி-ராஃப் என்ற மரபணுவில் வி600ஈ என்ற மாற்றம் உண்டு என்கிறது ரிப்போர்ட். எங்களுக்கும் வருமா?
— வாசகர், பருத்தித்துறை

பதில்: இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் அது பெரும்பாலும் பரம்பரையாக வந்ததல்ல; வயது போகப் போக எம்.எல்.எச்.1 மரபணு கட்டிக்குள்ளேயே அணைந்து போனதால் வந்தது. லிஞ்ச் பயத்தை இறக்கி வையுங்கள். 40 தாண்டிய சகோதரங்கள் கொலனோஸ்கோப்பி பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்.