ரிப்போர்ட்டில் 'ரத்தக் குழாய் அதிகம்' என்று இருந்தால்?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. சினைப்பைப் புற்றுநோய், ஸ்டேஜ் 3சி. போன வாரம்தான் ஆபரேஷன் முடிந்தது. பயாப்சி ரிப்போர்ட்டில் 'சிடி34: நுண் ரத்தக் குழாய் அடர்த்தி அதிகம்' என்று இருக்கிறது. அப்படி இருந்தால் ஆயுள் குறைவு என்று இணையத்தில் படித்தேன். ரத்தக் குழாயைத் தடுக்கும் ஊசியைப் போடச் சொல்லலாமா?

பதில்: முதலில் அந்த ஒரு வரியை வைத்து ஆயுளைக் கணக்குப் போடாதீர்கள்.

கட்டி ஓரிரு மில்லிமீட்டரைத் தாண்டி வளர அதற்கென்று ரத்தக் குழாய்கள் வேண்டும். ஜூடா ஃபோக்மேன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1971-லேயே சொன்னது இது. கட்டி வெஜ்எஃப் என்ற புரதத்தைச் சுரந்து பக்கத்துக் குழாய்களைத் தன் பக்கம் கிளை விட வைக்கிறது. அதே புரதம் குழாய்களைக் கசியவும் வைக்கும். அம்மாவுக்கு வயிற்றில் நீர் கோத்திருந்தால், அதில் இதற்கும் பங்கு உண்டு.

சரி, அடர்த்தியை எப்படி அளக்கிறார்கள்? கட்டித் துண்டை மெல்லியதாகச் சீவி, குழாயின் உள்சுவர் செல்கள் மட்டும் பழுப்பாகத் தெரிகிற மாதிரி சாயமேற்றுவார்கள். ரிப்போர்ட்டில் உள்ள சிடி34 அப்படியொரு சாயம்தான். நோய்க்குறியியல் மருத்துவர் நுண்ணோக்கியில் பழுப்பு நெருக்கமாக இருக்கும் இடத்தைத் தேடிப் பிடித்து அங்கே எண்ணுவார். தனியாக நிற்கும் ஒரு பழுப்பு செல்லையும் ஒரு குழாயாகவே எண்ணுவது வழக்கம். ஒரே ஸ்லைடை இருவர் பார்த்தால் இரண்டு எண் வரலாம். சிடி34-க்குப் பதில் சிடி31 சாயம் போட்டாலும் எண் மாறும். அதனால்தான் பல ஆய்வுகளில் 'அதிகம் என்றால் மோசம்' என்று வந்தும், சிலவற்றில் அப்படி வரவில்லை.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை வேறு. ஆபரேஷனில் கண்ணுக்குத் தெரிந்த கட்டி முழுவதும் எடுக்கப்பட்டதா, மிச்சம் எவ்வளவு? பிஆர்சிஏ (பழுதானால் சினைப்பை, மார்பகப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் மரபணு) பரிசோதனை ஆயிற்றா? இந்த இரண்டு பதில்களும் அந்த அடர்த்தி எண்ணைவிட எவ்வளவோ அதிகம் சொல்லும்.

அப்புறம் ஊசி. பெவாசிசுமாப் வெஜ்எஃப்பைப் பிடித்துக் கட்டுகிற மருந்து. 2011-இல் வெளியான ஜிஓஜி-218 ஆய்வில் 1,873 பெண்கள் இருந்தார்கள். கீமோவோடு இதையும் சேர்த்துத் தொடர்ந்து போட்டபோது, நோய் மறுபடி தலைதூக்காமல் இருந்த காலம் 10.3 மாதத்திலிருந்து 14.1 மாதமானது. ஆனால் மொத்த ஆயுளில் வித்தியாசம் இல்லை. அதே காலத்து ஐகான்7 ஆய்விலும் அப்படித்தான். ஆனால் கட்டி மிச்சமிருந்தவர்கள், ஸ்டேஜ் 4-இல் இருந்தவர்கள் போன்ற ஆபத்து அதிகமுள்ள பிரிவில் மட்டும் ஆயுளும் கூடியது. ஜிஓஜி-218 பெண்களின் கட்டித் துண்டுகளைப் பிற்பாடு எண்ணிப் பார்த்ததில், அடர்த்தி அதிகமிருந்தவர்களுக்கு ஊசி கூடுதலாகப் பலன் தந்த மாதிரி தெரிந்தது. சுவாரஸ்யமான விஷயம்தான், ஆனால் அதை வைத்து ஊசியை முடிவு செய்யும் வழக்கம் இன்னும் வரவில்லை.

போடுவதென்று முடிவானாலும் அவசரப்படுத்தாதீர்கள். தையல் ஆறுவதை இந்த மருந்து கெடுக்கும். ஆபரேஷன் முடிந்து குறைந்தது 28 நாளாவது போக வேண்டும். பி.பி. ஏறும், சிறுநீரில் புரதம் போகும், அபூர்வமாகக் குடலில் ஓட்டை விழும். குடலிலும் கட்டி பரவியிருந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் ஒரு பி.பி. மெஷின் வாங்கி வையுங்கள். திடீரென்று வயிறு கடுமையாக வலித்தால், 'கேஸ்தான்' என்று சோடா கொடுத்துக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.