காவல்துறையினர் மீது புகார் கொடுத்தால் உண்மையில் என்ன நடக்கும்?

கேட்டவர் தம் சூழ்நிலையைச் சொல்லவில்லை. ஆனாலும், வீட்டில் யாரோ அடிபட்டு, மனு கொடுப்பதா வேண்டாமா என்று இரவெல்லாம் பேசித் தீராத பிறகே இப்படிக் கேட்கத் தோன்றும் என்று எண்ணுகிறேன். 2022இல் எங்கள் வீட்டிலும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

தலைக்கவசம் அணியாமல் சென்ற என் தம்பியை வாகனச் சோதனையில் நிறுத்திய சிறப்பு உதவி ஆய்வாளர், அபராதத்துக்கு ரசீது கேட்டான் என்பதற்காக அவனை நிலையத்துக்கு அழைத்துச் சென்று, எழுத்தர் மேசைக்கு முன்பாகவே கன்னத்தில் அறைந்தார். இடது செவிப்பறை கிழிந்தது. தலைக்கவசம் அணியாதது அவன் தவறுதான். அதற்குச் சட்டத்தில் அபராதம் இருக்கிறது, அறை இல்லை. "கீழே விழுந்ததாகச் சொல்லிவிடு, நமக்கு எதற்கு வம்பு?" என்று எங்கள் சித்தப்பாவே அவனிடம் சொன்னார். நான் சம்மதிக்கவில்லை. அரசு மருத்துவமனையின் பணி மருத்துவர், தெரிந்த ஒரு நபரால் கையால் தாக்கப்பட்டதாக விபத்துப் பதிவேட்டில் எழுதினார். அந்தப் பதிவேட்டின் (ஏ.ஆர்.) நகல்தான் இறுதிவரை எங்கள் கையில் இருந்த ஒரே சான்று.

புதன்கிழமை குறைதீர் நாளில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் மனு கொடுத்து, எண்ணிட்ட ரசீதும் பெற்றோம். அந்த மனு துணைக் கண்காணிப்பாளருக்குப் போய், அவரிடமிருந்து விசாரணைக்காக ஆய்வாளருக்கு வந்தது. அதாவது, அறை விழுந்த அதே நிலையத்துக்கே திரும்பி வந்தது. பதினோராம் நாள் அந்த எழுத்தர் மேசையிலேயே தம்பியை உட்காரவைத்து வாக்குமூலம் வாங்கினார்கள். கையெழுத்துக்காக நீட்டிய தாளின் கடைசி வரியில், மேல் நடவடிக்கை எதுவும் தேவையில்லை என்று மனுதாரர் கேட்டுக்கொள்வதாக முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது. அந்த வரியை அடித்தால்தான் கையெழுத்து என்று சொல்லிவிட்டோம். உங்களுக்கு நான் சொல்லக்கூடிய முதன்மையான செய்தி இதுதான்: கடைசி வரியைப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள்.

காவல்துறை மீது வன்மத்தில் எழுதுகிறேன் என்று சிலர் நினைக்கக்கூடும். என் தாய்மாமன் தலைமைக் காவலராக ஓய்வு பெற்றவர். வாரவிடுப்புகூட இல்லாமல் அவர் உழைத்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். உடன் வேலை செய்பவர் மீதான புகாரை உடன் வேலை செய்பவரே விசாரிக்கும் ஏற்பாட்டைத்தான் தவறு என்கிறேன்.

உச்ச நீதிமன்றமும் அதைத்தான் சொன்னது. பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டம்பரில் அது பிறப்பித்த உத்தரவின்படி, மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் ஓய்வு பெற்ற நீதிபதிகளின் தலைமையில் காவல் புகார் ஆணையங்கள் அமைய வேண்டும். தமிழ்நாட்டின் 2013ஆம் ஆண்டுக் காவல்துறைச் சீர்திருத்தச் சட்டமோ மாநில அளவில் உள்துறைச் செயலாளரையும் மாவட்டத்தில் ஆட்சியரையும் தலைவராக்கி, காவல் கண்காணிப்பாளரையே மாவட்ட ஆணையத்தின் உறுப்பினராகவும் வைத்தது. எவருடைய அலுவலகத்திலிருந்து மனு கீழே போகிறதோ, அவரே மேல் அமைப்பிலும் அமர்ந்திருந்தால் மனுதாரர் எங்கே போவார்?

கண்காணிப்புக் கேமரா பதிவைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டோம். பதினைந்து நாள் பதிவுகள் மட்டுமே இருப்பில் இருக்கும் என்று பதில் வந்தது. பதிவுகளைப் பதினெட்டு மாதங்கள் சேமிக்க வேண்டும், அதற்கான கருவி கிடைக்காவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்று 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அதே ஆண்டு ஜூனில்தான், சாத்தான்குளம் நிலையத்தில் பதிவுகள் அன்றாடம் அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை விசாரணைக்குச் சென்ற நீதித்துறை நடுவர் கண்டறிந்தார். ஆகவே, பதிவைப் பாதுகாக்கக் கோரும் கடிதத்தைச் சம்பவம் நடந்த மறுநாளே பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நாங்கள் நாற்பது நாள் தாமதித்துவிட்டோம்.

மாநில மனித உரிமை ஆணையத்துக்குச் செல்வதென்றால் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் சென்றுவிட வேண்டும். நடுவர் நீதிமன்றத்தையும் அணுகலாம். ஆனால், அலுவல் கடமையின்போது நடந்ததாகச் சொல்லப்படும் செயல் என்றால், விசாரணைக்கு உத்தரவிடுமுன் மேலதிகாரியின் அறிக்கையையும் குற்றம் சாட்டப்பட்டவரின் விளக்கத்தையும் பார்க்க வேண்டும் என்கிறது, குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய நாகரிக் சுரக்‌ஷா சட்டத்தின் 175(4) பிரிவு.

எங்கள் மனு ஒன்பது மாதங்களுக்குப் பிறகு 'உரிய துறை நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்ற ஒற்றை வரியுடன் முடித்துவைக்கப்பட்டது. என்ன நடவடிக்கை என்று கேட்டதற்கு, அது அந்த அலுவலரின் தனிப்பட்ட தகவல், தர இயலாது என்று பதில் வந்தது. மேல்முறையீட்டிலும் அதே பதில்தான். அவர் இப்போது இதே மாவட்டத்தில் வேறொரு நிலையத்தில் பணியாற்றுகிறார். தம்பிக்கு இடது காது இன்னும் சரியாகக் கேட்பதில்லை.