பாதியில் நிற்கும் ஐந்து கேன்வாஸ்: எதை முதலில் தொடுவது?

கேள்வி: பல்லடத்தில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஆயில் கலரில் வரைய ஞாயிறு மட்டும்தான் நேரம். காங்கேயம் காளை, ஆழியாறு அணை, பேரூர் கோயில் மண்டபம், அமுச்சியின் (அம்மாவின் அம்மா) முகம், ஒரு தென்னந்தோப்பு என்று ஐந்து கேன்வாஸ் பாதியில் நிற்கின்றன. நான்கை அட்டாலியில் ஏற்றிவிட்டு ஒன்றை மட்டும் முடிக்கட்டுங்களா? மாதக்கணக்கில் காய்ந்த பெயின்ட் மேல் மறுபடி பூசலாமா?

பதில்: அட்டாலிக்கு இப்போதைக்கு எதையும் ஏற்ற வேண்டாம். ஒன்றையே பிடித்து முடிப்பது அக்ரிலிக்கில் வரைபவர்களுக்குச் சரிப்படும். தண்ணீர் ஆவியானதும் அது காய்ந்துவிடும். ஆயில் கலரில் இருக்கும் லின்சீட் (ஆளிவிதை) எண்ணெயோ காற்றின் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு மெல்லத்தான் கெட்டிப்படும். மெல்லிய பூச்சுக்கே சில நாள் பிடிக்கும், தடிமனாக அப்பியிருந்தால் வாரக்கணக்கு. அந்த இடைவெளியில் இன்னொரு படம் கையில் இருப்பது நல்லதுதான். ஆனால் ஞாயிறு மட்டும் உட்காருகிறவருக்கு மூன்று போதும்.

ஐந்தையும் சுவரோரம் வரிசையாக வைத்து, பத்தடி தள்ளி நின்று பாருங்கள். கோடும் நிழல்வெளிச்சமும் தப்பிப்போன படத்தை எந்தக் கலராலும் காப்பாற்ற முடியாது. அப்படி இரண்டைக் கழித்துவிடலாம். (கழித்த கேன்வாஸில் அக்ரிலிக் பூசிப் புதுப்படம் போட நினைக்காதீர்கள். எண்ணெய்மேல் அது சரியாகப் பிடிக்காது, உரிந்து வரும்.) அமுச்சியின் முகம் தேறினால் அதைக் கடைசிக்கு வையுங்கள். பாசம் உள்ள இடத்தில் கை தயங்கும். மற்றதில் கை தெளிந்தபின் தொடலாம்.

நான் பார்த்தவரை, படம் பாதியில் நிற்பதற்குப் பெரிய காரணம் எங்கே விட்டோம் என்பது மறந்துபோவதுதான். உங்கள் காளையையே எடுத்துக்கொள்வோம். காங்கேயம் கன்று செவலையாகப் பிறந்து, ஆறு மாத வாக்கில் சாம்பலுக்கு மாறும். பொலிகாளைக்குத் திமிலும் முன்பக்கமும் பின்தொடையும் கருத்து நிற்கும். அந்தச் சாம்பலை வெறும் கருப்பு வெள்ளையில் கலந்தால் சிமென்ட் பூச்சு மாதிரி செத்துக் கிடக்கும். அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பு, வெள்ளை மூன்றும் சேர்ந்தால் உயிர் வரும். நீலம் கொஞ்சம் கூடினாலும் குளிர்ந்துவிடும், அம்பர் கூடினால் மண்ணேறிவிடும். சில வாரம் கழித்து வந்து குத்துமதிப்பாகக் கலந்தால் திமில் ஒரு மாடாகவும் வயிறு இன்னொரு மாடாகவும் தெரியும். அதனால் எழுந்து போகும் முன் கலந்த கலரை ஒரு அட்டைத் துண்டில் தீற்றி, எதெது எவ்வளவு என்று எழுதிப் படத்தின் பின்சட்டத்தில் குத்திவையுங்கள். கூடவே அடுத்த வேலையும் ஒரு வரி: "இடது கொம்புக்குக் கீழே நிழல்". "முடிக்கணும்" என்று எழுதினால் பிரயோசனமில்லை.

மூன்றும் ஒரே கட்டத்தில் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று முதல் பூச்சில், ஒன்று நடுவில், ஒன்று நுணுக்க வேலையில். அலுப்பாக இருக்கும் ஞாயிறன்று முதல் பூச்சுப் படத்தை எடுக்கலாம். முதல் பூச்சுக்கு அம்பர் நல்லது. அதிலுள்ள மாங்கனீஸ் காய்தலை வேகப்படுத்தும். டைட்டானியம் வெள்ளையும் ஐவரி கருப்பும் மெதுவாகக் காய்பவை.

காய்ந்ததன் மேல் தாராளமாகப் பூசலாம். அடிப்பூச்சில் கலரை நீர்க்கவைக்கும் டர்பன்டைன் அதிகம், மேலே போகப் போக எண்ணெய் அதிகம். இது தலைகீழானால் மேல்பூச்சு முந்திக் காய்ந்து வெடிப்பு விடும். தடித்த இடத்தில் நகத்தால் அழுத்திப் பாருங்கள், பதிந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். காய்ந்த பகுதி மங்கிக் கிடந்தால் லின்சீட் எண்ணெயை மிக லேசாகத் தடவி நன்றாகத் துடைத்துவிடுங்கள். பழைய நிறம் தெளிந்து தெரியும், புதுக்கலரைப் பொருத்துவது சுலபம்.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற காற்று புழுதியை ஈரப் படத்தில் ஒட்டிவிடும், ஜன்னலோரம் வேண்டாம். பீரோவுக்குள் பூட்டினால் இருட்டில் எண்ணெய் மஞ்சளாகும். வெளிச்சமுள்ள உள்ளறையில், மேல்விளிம்பு சற்று முன்சாய்ந்திருக்கும்படி மாட்டுங்கள்.

பிரஷ் துடைக்க உங்கள் ஊரில் பனியன் வேஸ்ட்டுக்குப் பஞ்சமில்லை. லின்சீட் எண்ணெய் ஊறிய பருத்தித் துணியைச் சுருட்டிக் குவித்தால் உள்ளுக்குள் சூடேறித் தானாகவே தீப்பற்றும். அதை வெளியே தனித்தனியாக விரித்து முழுக்கக் காயவிட்டுத்தான் குப்பையில் போட வேண்டும். கம்பெனிப் பஞ்சுக் கழிவோடு மட்டும் சேர்த்துவிடாதீர்கள்.