நாயகி ஏன் வீட்டைக் காலி செய்யவில்லை?

"பேய் இருப்பது தெரிந்தும் அவள் ஏன் ஓடவில்லை?" என்று உங்கள் பேய்க் கதையைப் படித்த தோழி கேட்டது நியாயம்தான். ஆங்கிலேயர் காலத்துக் கறுப்பு வெள்ளை பங்களாவில் வாடகைக்கு இருப்பவள் முன்பணம் போனால் போகட்டும் என்று கிளம்பிவிடலாமே.

கதையைச் சிங்கப்பூரின் தோ பாயோ பக்கம் ஒரு பழைய மூவறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்கு மாற்றிப் பாருங்கள். நாயகிக்கு 36 வயது, திருமணமாகவில்லை. பொதுவாக 35 வயதானால்தான் தனியாள் மறுவிற்பனை வீடு வாங்க முடியும். வாங்கிய பிறகு 5 ஆண்டுக்கு விற்கவும் முடியாது, முழு வீட்டையும் வாடகைக்கு விடவும் முடியாது. அறையை மட்டும் விடலாம், குறைந்தது 6 மாதத்துக்கு. சரி, அந்த அறைக்கு வாடகைக்கு நாயகன் வந்துவிட்டான்! பயத்துக்குத் துணையாகத்தான் அவனைச் சேர்க்கிறாள். அப்புறம் பேயைவிட அவன்மேல்தான் சந்தேகம்.

ஆவிகள் பூமிக்கு வருவதாகச் சீனர்கள் நம்பும் அவர்களின் ஏழாம் மாதத்தில் தொடங்குங்கள். கீழே ஆவிகளுக்குப் படையலாகக் காகிதம் எரிக்கிறார்கள். சாம்பல் பறந்து வந்து, மூங்கில் கழியில் காயும் அவள் துணியில் ஒட்டுகிறது. மாதம் முடிந்து பல நாள் கழித்து, பூட்டிய அறைக்குள், அவன் தலையணையில் அதே சாம்பல். இது போதும். மூன்றாம் அத்தியாயத்தில் வரும் பேயின் வெள்ளைச் சேலையை எடுத்துவிடுங்கள். மன்னிக்கவும், அங்கே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.