அப்பாவுக்கு பொட்டாசியம் 5.8: பழைய பவுடரா, புதியதா?

வணக்கம். பெரம்பூரில் இருக்கும் அப்பாவுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் கூடி 5.8 வந்திருக்கிறது, அதைக் குறைக்கப் பாலிஸ்டைரீன் பவுடர் எழுதியிருக்கிறார்கள், புதிய மருந்து கேட்கலாமா, பொட்டாசியத்தைக் கூட்டக்கூடிய பிரஷர் மாத்திரை டெல்மிசார்ட்டானை நிறுத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். நான் டாக்டர் இல்லை. என் அம்மாவுக்கும் இதே கதைதான்.

பழைய பவுடர், அதாவது பாலிஸ்டைரீன், விலை குறைவு, ஆனால் மெதுவாகத்தான் வேலை செய்யும். மலச்சிக்கல் வரும், அபூர்வமாகக் குடலே அழுகியதும் உண்டு. சார்பிட்டால் சிரப்போடு சேர்த்தால் அந்த ஆபத்து கூடும் என்று அமெரிக்காவில் எச்சரிக்கையே இருக்கிறது. அப்பாவுக்கு ஏற்கெனவே மலச்சிக்கல் என்றால் டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.

புதிய மருந்தான சோடியம் சிர்கோனியம் சைக்ளோசிலிகேட் ஒரு மணி நேரத்திலேயே குறைக்க ஆரம்பிக்கும். ஆனால் 5 கிராமில் 400 மில்லிகிராம் சோடியம்! கால் வீக்கம் இருந்தால் அது கூடலாம், யோசிக்க வேண்டும்.

டெல்மிசார்ட்டானை நீங்களாக நிறுத்தாதீர்கள், அது சிறுநீரகத்தைக் காப்பதற்கும்தான். வெயிலுக்கு இளநீர் கொடுக்கிறீர்களா? அதில் பொட்டாசியம் அதிகம், அதை முதலில் விடுங்கள். அப்புறம் 'லோ சோடியம்' உப்பையும் விடுங்கள், அதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும்.

பொட்டாசியம் 6.5 தாண்டினாலோ, கை கால் தளர்ந்தாலோ, படபடத்தாலோ பவுடரை நம்பி உட்காராமல் எமர்ஜென்சிக்கு ஓடுங்கள். ஈசிஜி பார்த்து கால்சியம் ஊசி, இன்சுலினோடு குளுக்கோஸ் என்று அங்கேதான் கொடுப்பார்கள்.