பூஜ்யம் வந்தால் ஜாப் ஓடிவிட்டதா?

கேள்வி: ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்த வியாபார நிறுவனத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு விண்டோஸ் சர்வர்களில் இரவில் 37 ஜாப் (நேரம் வைத்துத் தானாக ஓடும் வேலைகள்) ஓடுகின்றன. பேக்கப், ஸ்டாக் கணக்கு, கிளைகளுக்கு விலைப்பட்டியல் அனுப்புவது எல்லாம் அதில் அடக்கம். எது ஓடியது, எது ஓடவில்லை என்று காலை 9 மணிக்குள் முதலாளிக்கு எக்செல் ஷீட் தர வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்த்து டைப் அடிக்க முக்கால் மணி நேரம் ஆகிறது. ஏ.எம்.சி. காரர் (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தக்காரர்) இதற்கு ஒரு சாஃப்ட்வேர் போட 48,000 ரூபாய் கேட்கிறார். நானே ஸ்கிரிப்ட் எழுத முடியுமா?

பதில்: தாராளமாக எழுதலாம். பதினைந்து, இருபது வரி வரும். அதற்குத் தேவையானது எல்லாம் விண்டோஸிலேயே இருக்கிறது. விண்டோஸோடு வரும் கட்டளை மொழியான பவர்ஷெல்லில் 'கெட் ஷெட்யூல்டு டாஸ்க்' என்ற கட்டளை ஜாப்களின் பட்டியலைத் தரும். அதன் தம்பியான 'டாஸ்க் இன்ஃபோ' கடைசியாக ஓடிய நேரம், அடுத்து ஓடும் நேரம், கடைசி விடை எண் ஆகிய மூன்றையும் தரும். இரண்டையும் சேர்த்து சி.எஸ்.வி. ஃபைலாக (கமா போட்டுப் பிரித்த வெறும் எழுத்து ஃபைல்) எழுதினால் எக்செல் திறந்துகொள்ளும்.

அதற்கு முன் ஒரு சின்ன வேலை. விண்டோஸ் தன் சொந்த உபயோகத்துக்கே நூற்றுக்கும் மேல் ஜாப் வைத்திருக்கிறது. அதையெல்லாம் முதலாளிக்கு அனுப்பினால் உங்கள் 37 அதற்குள் காணாமல் போகும். ஜாப்களை நேரத்துக்கு ஓட்டும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் கம்பெனி பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு, உங்கள் ஜாப்களை அதற்குள் வையுங்கள். ஸ்கிரிப்ட் அந்த ஃபோல்டரை மட்டும் பார்க்கட்டும். ஸ்கிரிப்டை அட்மின் உரிமையோடு ஓட்டுங்கள். இல்லாவிட்டால் சில ஜாப் பட்டியலிலேயே வராது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். விடை எண் பூஜ்யம் என்றால் எல்லோரும் பச்சை வண்ணம் அடித்துவிடுகிறார்கள். ஷெட்யூலர் ஒரு புரோகிராமைக் கிளப்பிவிட்டது, அந்தப் புரோகிராம் போகும்போது 'குறை ஒன்றும் இல்லை' என்று சொல்லிவிட்டுப் போனது. பூஜ்யத்துக்கு அவ்வளவுதான் பொருள். நான் பார்த்துக்கொண்ட ஒரு நூல் கடையில் மூன்று வாரம் தினமும் பூஜ்யம் வந்தது. ஒருநாள் பேக்கப் தேவைப்பட்டு ஃபோல்டரைத் திறந்தால் எல்லா ஃபைலும் 0 கேபி. காப்பி செய்யும் வரியில் சிவப்பு எழுத்தில் பிழை வந்திருக்கிறது. பவர்ஷெல் அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போய், சமர்த்தாகப் பூஜ்யம் சொல்லி முடித்திருக்கிறது. அந்த ஸ்கிரிப்டை எழுதியவன் நான்தான்.

அதனால் உங்கள் ஷீட்டில் இன்னும் இரண்டு நெடுவரிசை சேருங்கள்: அந்த ஜாப் உண்டாக்க வேண்டிய ஃபைலின் தேதி, அதன் அளவு. ஜாப் கடைசியாக ஓடியதற்கு முந்தைய தேதியே இருந்தாலோ, அளவு திடீரென்று பாதியாகியிருந்தாலோ, விடை எண் என்னவாக இருந்தாலும் அந்த வரி சிவப்புதான்.

பூஜ்யம் அல்லாத விடை எண்களில் நாலைந்து தெரிந்தால் போதும். 267009 என்றால் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. 267011 என்றால் இன்னும் ஒருமுறைகூட ஓடவில்லை. அதன் பக்கத்தில் கடைசியாக ஓடிய தேதி 30-11-1999 என்று இருக்கும், பயப்படாதீர்கள். 'ஓடவில்லை' என்று சொல்ல இவர்களுக்கு இத்தனை வருடமாக வேறு வழி தெரியவில்லை. 2147942402 என்றால் ஃபைல் கிடைக்கவில்லை. 2147943726 என்றால் லாகின் தவறு. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

ஒரே ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் பேக்கப் பெரும்பாலும் விண்டோஸின் காப்பி புரோகிராமான ரோபோகாப்பியில்தான் ஓடும். மற்ற புரோகிராம்களில் 1 வந்தால் தகராறு. ரோபோகாப்பியில் 1 வந்தால் ஃபைல்கள் நல்லபடியாகக் காப்பி ஆகிவிட்டன என்று பொருள். 2 என்றால் போய்ச் சேரும் இடத்தில் கூடுதல் ஃபைல் இருக்கிறது. 3 என்பது அந்த இரண்டின் கூட்டல். 8 முதல்தான் தோல்வி. இது தெரியாமல் ஷீட் அனுப்பினால், நன்றாக ஓடிய பேக்கப் சிவப்பாக இருக்கும், முதலாளி காலையிலேயே போன் போடுவார். இதன் மறுபக்கம் இன்னும் மோசம். ரோபோகாப்பியில் 0 என்றால் காப்பி செய்ய எதுவும் இல்லை என்று அர்த்தம். ஞாயிறு இரவு அப்படி வந்தால் சரி, கடை மூடியிருந்தது. திங்கள், செவ்வாய், புதன் என்று தொடர்ந்து வந்தால், யாரோ பில்லிங்கை வேறு ஃபோல்டருக்கு மாற்றிவிட்டு உங்களிடம் சொல்லவில்லை. ஆக, ரோபோகாப்பி ஜாப்களுக்குத் தனிக் கணக்கு எழுதுங்கள்: 8-க்குக் கீழே தோல்வி இல்லை, வேலை நாளில் 0 வந்தால் மஞ்சள்.

ஷீட் பக்கம் இரண்டு குழி உண்டு. தேதியை 2025-04-03 என்று வருடம் முன்னால் வருகிற மாதிரி எழுதுங்கள். 03-04-2025 என்று எழுதினால், அமெரிக்க முறையில் அமைத்த கம்ப்யூட்டரில் ஏப்ரல் 3 மார்ச் 4 ஆகிவிடும். இன்னொன்று, ஜாப் பெயரில் தமிழ் இருந்தால் சி.எஸ்.வி. எழுதும்போது யூடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்தையும் காக்கும் முறை) என்று சொல்லுங்கள். விண்டோஸோடு வரும் பவர்ஷெல் 5.1-இடம் அதைச் சொல்லாமல் விட்டால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாகிவிடும்.

வண்ணம் வேண்டும் என்பதற்காக சர்வரில் எக்செல்லையே போட்டு, ஸ்கிரிப்ட் மூலம் திறந்து மூடச் சொல்வார்கள். வேண்டாம். ஆள் இல்லாத நேரத்தில் ஆபீஸை அப்படி ஓட்டாதீர்கள் என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. யாரும் பார்க்காத திரையில் 'சேமிக்கவா?' என்று ஒரு பெட்டி வந்து விடிய விடிய நிற்கும். 'இம்போர்ட் எக்செல்' என்ற இலவசத் தொகுப்பு இருக்கிறது. எக்செல் இல்லாமலே ஷீட்டை வண்ணத்தோடு எழுதும்.

மெயில் அனுப்புவதில் கொஞ்சம் கடுப்பாகும். பவர்ஷெல்லோடு வரும் மெயில் கட்டளையை, பாதுகாப்பில்லை, பயன்படுத்தாதீர்கள் என்கிறார்கள். அதற்குப் பதிலாக ஒன்றைத் தரவும் இல்லை. முதலில் ஷீட்டை ஒரு பொது ஃபோல்டரில் போட்டுப் பழகுங்கள். அந்த இடத்தைக் குறிக்கும்போது இசட் டிரைவ் என்று எழுதாதீர்கள். யாரும் லாகின் செய்யாதபோது அந்த டிரைவே இருக்காது. சர்வர் பெயரோடு முழு முகவரி எழுதுங்கள்.

அப்புறம் அந்த 2147943726. பாஸ்வேர்டு மாறிவிட்டது என்பதுதான் பெரும்பாலும் காரணம். பல ஏ.எம்.சி. காரர்கள் எல்லா ஜாபையும் தங்கள் சொந்த அக்கவுன்ட்டில் போட்டு வைத்திருப்பார்கள். ஒப்பந்தம் முடிந்து அந்த அக்கவுன்ட்டை மூடுகிற அன்றைக்கு ராத்திரி எல்லாம் வரிசையாக நிற்கும். மறுநாள் சரிசெய்ய அவரே வருவார், தனி பில்லோடு. சிலர் பாஸ்வேர்டை ஸ்கிரிப்ட்டுக்குள்ளேயே எழுதி வைத்துவிட்டும் போவார்கள். உங்களவர் அப்படி என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் ஷீட்டில் 'யார் அக்கவுன்ட்டில் ஓடுகிறது' என்று ஒரு நெடுவரிசை சேர்த்து, எத்தனை ஜாப் அவர் பெயரில் இருக்கிறது என்று எண்ணுங்கள். அவற்றை ஜாப்களுக்கென்றே ஒரு கம்பெனி அக்கவுன்ட்டுக்கு மாற்றிவிட்டு, அதற்கப்புறம் 48,000 ரூபாய் கொட்டேஷனுக்கு வேண்டாம் என்று பதில் அனுப்புங்கள்.

முதலாளியிடமும் ஒன்று சொல்லி வையுங்கள்: 9 மணிக்கு ஷீட் வரவில்லையென்றால் உடனே உங்களுக்குப் போன் செய்யட்டும். ஷீட் போடும் ஸ்கிரிப்டும் ஒரு ஜாப்தான், அதுவும் ஒருநாள் நிற்கும்.