எதிர்கால உள்நாட்டுப் போர்க் கதைகளில் பருவநிலைச் சீர்குலைவும் ஏன் சேர்ந்தே வருகிறது?

இன்றைய கோளாறு ஒன்று கட்டுமீறி வளர்ந்தால் சமூகம் எப்படிச் சிதையும் என்று கற்பனை செய்வதுதான் டிஸ்டோப்பியப் புனைவு. கடல் ஏறி நிலம் சுருங்கினால், யார் விட்டுக்கொடுப்பது என்ற கேள்வி எழும். தண்ணீர் குறைந்த நாளில் நடக்கும் குழாயடிச் சண்டையைப் பாருங்கள்: குடம் ஒரு சாக்கு, வெடிப்பது பெரும்பாலும் பழைய பகை. ஒமர் எல் அக்காத்தின் ‘அமெரிக்கன் வார்’ (2017) நாவலில் அமெரிக்காவின் கடலோர மாநிலமான ஃபுளோரிடா மூழ்கிவிடுகிறது. ஆனால் 2074-இல் போரைக் கிளப்புவது வெள்ளமல்ல, பெட்ரோல் போன்ற எரிபொருள்களுக்கு விதிக்கப்படும் தடை. நாவலின் கூர்மையே அங்குதான் இருக்கிறது. இத்தகைய கதைகளை ஆரூடமாகப் படிப்பவர்கள் உண்டு; ஆனால் அந்நாவலின் அகதி முகாமும் ட்ரோன் தாக்குதலும் சித்திரவதைச் சிறையும், செய்தியாளராக ஆப்கானிஸ்தானையும் அமெரிக்க ராணுவச் சிறை உள்ள குவான்டானமோவையும் கண்டு எழுதிய அவர் காலத்திலேயே நடந்தவை.